பங்குனிக்கென்று கொத்திய பாத்திகள்

ஒக்டோபர் நடுவில் டென்மார்க் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கிழமை லீவு விடுவார்கள். பழைய ஆட்கள் இன்றைக்கும் அதை உருளைக்கிழங்கு லீவு என்றுதான் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் கிழங்கு கிளப்பப் பிள்ளைகளின் கை தேவைப்பட்டதாம். அதற்காகவே பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்களாம். மேற்கு யூட்லாந்து முழுக்க மணல் நிலம், கிழங்கு நிலம். அந்தக் கிழமையில் கிரின்ஸ்டெட்டைச் சுற்றி எந்த வீதியால் போனாலும் கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும், பின்னால் கார்கள் பொறுமையாக வரிசை கட்டி வரும். ஊர் முழுக்கக் கிழங்கு கிளப்பிக்கொண்டிருந்த அப்படியொரு கிழமையில் என் அத்தான் கிழங்கு நட்டார்.

தொழிற்சாலையில் தந்த மஞ்சள் மழைக்கோட்டு, முழங்காலுக்குக் கீழே மடித்துப் போட்ட ஒரு சாக்கு, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் முளை கண்ட கிழங்குகள். ஒவ்வொன்றாக எடுத்து, முளை மேலே பார்க்கும்படி வைத்து, மண்ணை அணைத்துக்கொண்டு போனார். மழை அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. நான் குசினிக் கதவில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது இருபத்திநான்கு வயது. வாய் சும்மா இராது.

"என்ன அத்தான், டென்மார்க்காரன் முழுப்பேரும் கிளப்பிறான், நீங்கள் நடுறியள்? ஆருக்குப் பிழைச்சது?"

அவர் நிமிரவில்லை. "அவன் தன்ரை பாட்டிலை கிளப்பட்டும். ஐப்பசி மழை பிறந்திட்டுது. இனி என்னத்துக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறது? நாங்கள் ஊரிலை நடுற விதைக்கிழங்கே இந்தப் பக்கத்தாலைதான் கப்பலிலை வாறது. இதுகளுக்கு இந்த மண் தெரியாதே?"

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் மழைக்காலம்தான் கிழங்குக்காலம். மாரி பிறந்தால் நடவேண்டும், தை மாசியில் கிளப்பவேண்டும். அத்தான் இருபது வருடம் அப்படித்தான் செய்தவர். வானம் கறுத்து, மண் நனைந்தால், அவருடைய கை தன்பாட்டில் மண்வெட்டியைத் தேடும். அந்த மழைக்குப் பின்னால் என்ன வரும் என்று அந்தக் கைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நானும் அவரும் ஒன்றாகத்தான் ஊரைவிட்டு வந்தோம். இரண்டுபேரையும் இராணுவம் ஒரே சுற்றிவளைப்பில் பிடித்து ஒரே நாளில் விட்டது. அடுத்தமுறை விடமாட்டார்கள் என்று அக்காதான் எங்களை அனுப்பிவைத்தா. வீட்டில் அவவும் மகளும் நின்றார்கள். ஒரே மகள், அப்போது பதினாலு வயது. "ஒரு வருசத்துக்குள்ளை கூப்பிடுறன்" என்று அத்தான் வாசல் படலையடியில் நின்று சொன்னது எனக்கும் கேட்டது. கிரின்ஸ்டெட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, பிளாஸ்டிக் பெட்டிகள் வார்க்கிற இடம். அகதி அந்தஸ்துக் கிடைத்த கையோடு மனைவியையும் பிள்ளையையும் எடுப்பதற்கு அத்தான் விண்ணப்பம் போட்டார். கொம்யூன் என்கிற உள்ளூராட்சி அலுவலகத்தில் எங்களைப் பார்த்துக்கொண்ட பெண் நல்ல மனுசி. அரை வருடம், கூடிப்போனால் முக்கால் வருடம், இது உங்கள் உரிமை, யாரும் மறுக்க ஏலாது என்று சொன்னா. குடும்பத்துக்கு ஏற்ற வீடு இருந்தால் நல்லது என்றும் ஒரு சொல் சேர்த்துச் சொன்னா.

அந்த ஒரு சொல்லை அத்தான் சட்டமாகவே எடுத்துக்கொண்டார். பஸ் வருவதே அபூர்வமான ஊர் எல்லையில், பின்வளவோடு ஒரு சின்னச் செங்கல் வீட்டை வாடகைக்குப் பிடித்தார். எனக்கு அந்த வீட்டில் அடியோடு விருப்பமில்லை. வேலைக்குப் போக ஐந்து கிலோமீற்றர் எதிர்காற்றில் சைக்கிள் உழக்க வேண்டும். ஆனால் பின்வளவைக் கண்ட அத்தானின் முகத்தை நான் பார்த்தேன். இடுப்பளவு களை. அதற்குள் இறங்கி, ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, விரலிடையில் உதிர்த்து, "மணல்தான். எரு போட்டா எழும்பும்" என்றார். ஊரை விட்டு வந்தபிறகு அவர் சந்தோசமாகச் சொன்ன முதல் வசனம் அது.

ஆக, அவருடைய கணக்கு இதுதான். ஐப்பசியில் நட்டால் தை முடியக் கிழங்கு. அதற்குள் அக்காவும் மகளும் வந்து இறங்கிவிடுவார்கள். வந்த அடுத்தநாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போய்க் கிளப்பவேண்டும். "வந்தவுடனை அவளுக்கு இது எங்கடை வீடு எண்டு தெரியவேணும், தம்பி. கடைக் கிழங்கிலை அது தெரியாது" என்றார்.

வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு கிழவர் தனியாக இருந்தார். மாப்பொருள் ஆலையில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். அதிகம் பேசாதவர். அன்றைக்கு மழைக்குள் தொப்பியோடு வேலியடிக்கு வந்து, அத்தானையும் வாளியையும் மாறிமாறிப் பார்த்து, "நய், நய், நய்" என்று மறுத்துத் தலையாட்டினார். பிறகு கையால் நிலத்தைக் காட்டி, தன் இரண்டு தோள்களையும் கட்டிப்பிடித்து நடுங்கிக் காட்டினார். அத்தான் மரியாதையாகத் தலையை ஆட்டினார். கிழவர் வீட்டுக்குள் போனதும் என்னிடம், "பாவம், அவருக்குக் குளிருதாக்கும்" என்றார். நான் வயிறு நோகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது.

அந்த எண்பத்தேழு ஐப்பசியில்தான் ஊரில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியது. கிழமைக்கணக்கில் கடிதம் இல்லை. அத்தான் வேலையால் வந்ததும் தபால்பெட்டியைத் திறப்பார், மூடுவார், நேரே பின்வளவுக்குப் போவார். கிழங்குச் செடி நாலு விரல் உயரத்துக்கு வந்திருந்தது. வந்தது என்னவோ உண்மை. கார்த்திகை நடுவில் ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் வளவு முழுக்க வெள்ளை, செடி எல்லாம் கறுப்பு. அவித்த கீரைபோலச் சுருண்டு கிடந்தது. அத்தான் செருப்பில்லாமல் வெளியே போய் ஒரு செடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, வேலைக்கு வெளிக்கிட்டார். மாசிக் கடைசியில் நிலம் இளகியபிறகு கிளப்பினார். மண்ணுக்குள் கை விட்டால் நாறுகிற சளி. ஒன்றிரண்டு கல்லுப்போல இருந்தன, வெட்டினால் உள்ளே நீர். அவ்வளவையும் ஒரு கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு, "என்ரை பிழை. மண்ணிலை பிழை இல்லை" என்றார்.

அக்காவும் வரவில்லை. கடிதம் வந்தது, இருவரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று. கொப்பன்ஹேகனிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது, விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று. எங்களுக்கு மட்டுமல்ல, கோல்டிங்கில் இருந்தவர்களுக்கும், இஷொயில் இருந்தவர்களுக்கும், எல்லோருக்கும் அதே ஒரு வசனம். கூட்டங்களில் சந்தித்தால் ஆண்கள் தங்கள் கடிதங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். திகதியும் பெயரும்தான் வேறு. மேலிடத்தில் தமிழரின் கோப்புகளை வேண்டுமென்றே தொடாமல் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. இலங்கையில் சமாதானம் வந்துவிட்டதாம், இனி எங்களைத் திருப்பி அனுப்பலாமாம், பிறகு எதற்குக் குடும்பங்களை எடுப்பான் என்ற நினைப்பாம். பின்னாளில் டென்மார்க்காரர் அதற்குத் தமிழர் விவகாரம் என்று பெயர் வைத்துப் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். நாங்கள் அதற்குள் இருந்தபோது அதற்குப் பெயரே இல்லை. தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த விவகாரம்.

அடுத்த கோடையில் அக்காவின் கடிதங்களின் தொனி மாறியது. பக்கத்து வீட்டுப் பெட்டை போய்விட்டாள், பிள்ளையோடு படித்த இரண்டுபேர் போய்விட்டார்கள் என்று எழுதினா. எங்கே போனார்கள் என்று எழுதவில்லை. ஆயுதம் தூக்க இயக்கத்துக்குத்தான் என்று எழுதாமலே எங்களுக்கு விளங்கும். பிள்ளை இப்போது அதிகம் கதைப்பதில்லை, கேட்டால் சிரிக்கிறாள் என்றும் ஒரு வரி. அடியில் பிள்ளையின் எழுத்து இருக்கும். பள்ளிக்கூடத்துக் கதை, பூனைக்குட்டிக் கதை. ஒருமுறை, "அப்பா, ஸ்ட்ரோபெரி மரத்திலையோ நிலத்திலையோ காய்க்கிறது? ஜாம் போத்திலைப் பாத்தால் விளங்கேல்லை" என்று கேட்டிருந்தாள். அதை வாசித்துவிட்டு அத்தான் அன்றைக்கே கிழவரிடம் போனார்.

ஆட்களைக் களவாகக் கடத்திவிடுகிற ஏஜென்சி மூலம் பிள்ளையை எடுப்போம் என்று நான் அந்தக் கோடையில்தான் முதல்தடவை சொன்னேன். அத்தான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"பதினாறு வயசுப் பொம்பிளைப்பிள்ளையை ஆரோ முகம் தெரியாதவனோடை ஏழு நாடு கடக்க விடச் சொல்லுறியோ? உனக்கு மூளை கீளை இருக்கோ?"

"அங்கை வைச்சிருந்து என்ன அத்தான் காணப்போறியள்? உவங்கள் இப்போதைக்குப் பதில் தரமாட்டாங்கள்."

"தருவாங்கள். இது சட்டம் உள்ள நாடு. களவாக் கூப்பிட்டா நாளைக்கு அதையே சாட்டி அக்காவையும் மறிப்பாங்கள். முறையா வரட்டும்."

முறை. அந்தச் சொல்லை அவர் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிவப்பு விளக்கில் ஆளரவமே இல்லாத வீதியில் சைக்கிளை நிறுத்திவைத்துக் காத்து நிற்கிற மனுசன் அவர். எங்கள் நாட்டில் சட்டம் என்று ஒன்றைக் காணாதவருக்கு, கண்ட இடத்தில் அதன்மேல் ஒரு பக்தி வந்துவிட்டது.

அந்த இலையுதிர்காலம்தான் அவருடைய தோட்டக்காலம். இம்முறை கிழவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. வேலிக்கு இருபக்கமும் நின்று இருவரும் அரைகுறைப் பாசையில் கதைப்பார்கள். மண்ணைப் பற்றிக் கதைக்க அவ்வளவு பாசை தேவைப்படவில்லை. இங்கே ஒக்டோபர் மாதம் நடுகிற காலமல்ல, ஆயத்தப்படுத்துகிற காலம் என்று அத்தானுக்கு விளங்கியது. மண்ணை ஆழமாகக் கொத்திக் கட்டி உடைக்காமல் அப்படியே விடவேண்டும், உடைக்கிற வேலையைப் பனி பார்த்துக்கொள்ளும் என்றார் கிழவர். அத்தானுக்கு அது மனம் கேட்கவில்லை. கட்டியோடு விட்ட தோட்டத்தை ஊரில் கண்டால் சோம்பேறி என்பார்கள். கொத்திவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்.

இலை விழத் தொடங்கியதும் அவருக்குக் கொண்டாட்டம். எங்கள் ஊரில் தோட்டத்துக்கு எருவாகப் பச்சிலைக் குழை தாழ்ப்பதென்றால் பூவரசும் கிளுவையும் தேடி வண்டி கட்டிப் போகவேண்டும். இங்கே ஊர் முழுக்க இலையைக் கூட்டிக் குப்பையென்று வீதியோரம் குவித்து வைக்கிறார்கள். "பாத்தியோ, தங்கத்தைத் தெருவிலை கொட்டி வைச்சிருக்கிறாங்கள்" என்று சாக்கு சாக்காகச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். தேவாலயத்து வளவைக் கூட்டுகிற மனுசன் இவருக்கென்று தனியாக மூட்டை கட்டி வைக்கத் தொடங்கினான். நாலு பாத்தி. இரண்டில் குழை தாழ்த்துக் குதிரை எரு பரப்பினார். அது பங்குனிக்குப் பிறகு கிழங்குக்கு. மூன்றாவதில் உள்ளிப் பல் ஊன்றி மேலே ஊசியிலைக் கிளைகளை மூடினார். நாலாவது பாத்தி மகளுக்கு. கிழவர் தன் தோட்டத்திலிருந்து கிளப்பிக் கொடுத்த ஸ்ட்ரோபெரிக் கன்றுகள், ஒவ்வொன்றையும் சுற்றி வைக்கோல். முடிந்த அன்று கிழவர் வேலியைத் தாண்டி உள்ளே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "அவ்வளவு மோசமில்லை" என்றார். யூட்லாந்துக்காரனிடம் அதற்கு மேல் புகழ்ச்சி வாங்கேலாது. அத்தான் அன்றைக்கு இரண்டு கடிதம் எழுதினார், ஒன்று அக்காவுக்கு, ஒன்று மகளுக்குத் தனியாக: ஸ்ட்ரோபெரி நிலத்தில்தான் காய்க்கிறது என்று.

இனிச் சொல்லப்போவதை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. என் மனுசிக்குக்கூடத் தெரியாது.

அந்த நாட்களில்தான் அக்கா எனக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுதியிருந்தா. தொழிற்சாலை விலாசத்துக்கு, அத்தான் கண்ணில் படாமல். கொழும்பில் எங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் தன் மகளை ஜெர்மனிக்கு அனுப்புகிறார், ஏஜென்சிக்காரன் நம்பிக்கையான ஆள், தன் குடும்பத்தோடு சேர்த்துக் கூட்டிப் போகிறான், எங்கள் பிள்ளையையும் சேர்த்துவிடலாம் என்கிறார். "உன்ரை அத்தானைக் கேட்டால் வேண்டாம் எண்டுதான் சொல்லுவார். அவரைக் கேட்க வேண்டாம். நீ ஓம் எண்டு ஒரு சொல்லு எழுது, நான் அனுப்பிவிடுறன். எனக்கு இந்தப் பிள்ளையின்ரை சிரிப்பைப் பாக்கப் பயமாயிருக்குதடா." அவ்வளவுதான் கடிதம். ஒரு சொல்தான் கேட்டிருந்தா.

கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குசினி மேசையில் பேப்பரை விரித்துவிட்டு யன்னலால் பார்த்தேன். நாலு பாத்தியும் நூல் பிடித்ததுபோல் கிடந்தன. வைக்கோல் மஞ்சளாக, உள்ளிக்கு மேல் கிளைகள் பச்சையாக. அத்தான் வரம்போரத்தில் விழுந்த இலை ஒன்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஏஜென்சி வேண்டுமென்று சண்டை பிடித்தவன் நான்தான். ஆனால் அந்த யன்னலடியில் எனக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. இவ்வளவு ஒழுங்காக ஆயத்தப்படுத்தி வைத்த இடத்துக்கு ஆட்கள் வராமல் விடுவார்களா என்று தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அந்தத் தோட்டத்தைப் பார்த்து நானும் நம்பினேன். "வேண்டாம் அக்கா. அத்தான் சொல்லுறதுதான் சரி. முறையா வாங்கோ. எப்பிடியும் பங்குனிக்குள்ளை இரண்டுபேரும் இஞ்சை நிப்பியள்" என்று எழுதி, அடுத்தநாள் வேலைக்குப் போகிற வழியில் போட்டுவிட்டேன். அத்தானுக்குச் சொல்லவில்லை.

பங்குனியில் பனி இளகி, கட்டிகள் எல்லாம் தன்பாட்டில் உடைந்து, மண் மாப்போல இருந்தது. கிழவர் சொன்னது சரிதான். உள்ளி விரல்நீளம் முளைத்திருந்தது. அந்தக் கிழமைதான் அக்காவின் கடிதம் வந்தது. மாசியில் ஒருநாள் பிள்ளை ரியூசனுக்கென்று போனவள் திரும்பி வரவில்லை. மூன்றாம்நாள் இரண்டு பெடியள் அவளுடைய சைக்கிளைக் கொண்டுவந்து படலையோடு சாத்திவிட்டு, தேடவேண்டாம் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புத்தகங்கள் கரியரிலேயே இருந்தனவாம்.

அத்தான் அந்தக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். நான் வாசித்து முடித்து யன்னலால் பார்த்தபோது அவர் ஸ்ட்ரோபெரிப் பாத்தியின் வைக்கோலை விலக்கிவிட்டுக்கொண்டிருந்தார். பங்குனியில் அதை விலக்கவேண்டும் என்று கிழவர் சொல்லியிருந்தார். நான் குசினிக்குள் நின்று பெரிதாக அழுதேன். போய் அவர் பக்கத்தில் நிற்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆனியில் அது காய்த்தது பாருங்கள், அப்படிக் காய்த்தது. அத்தான் ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை, என்னையும் பிடுங்க விடவில்லை. கறுத்தக் குருவிகள் வந்து கொத்தின. கிழவர் வலை கொண்டுவந்து தந்தார். நன்றி சொல்லி வாங்கிக் கொட்டிலுக்குள் வைத்தார். பழங்கள் அழுகி, வண்டு மொய்த்து, வளவு முழுக்க இனிப்பாக மணத்தது. இன்றைக்கும் கடையில் ஸ்ட்ரோபெரிப் பெட்டி அடுக்கியிருந்தால் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போவேன்.

அதே கோடையில்தான் மேலே எதுவோ மாறி, அடுக்கி வைத்த கோப்புகளைத் திறக்கத் தொடங்கினார்கள். கொம்யூனிலிருந்து ஒரு படிவம் வந்தது: வரவிருப்பவர்களின் தற்போதைய விலாசத்தை உறுதிசெய்து தரவும். டேனிஷ் எழுத்து எனக்குத்தான் ஓடும் என்பதால் பேனை என் கையில். அக்காவின் விலாசத்தை எழுதினேன். அடுத்தது மகளின் விலாசம். நான் நிமிர்ந்து அத்தானைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயின்ரை விலாசத்தையே எழுது" என்றார். "அவள் அங்கைதான் நிக்கிறாள். எழுது."

சிவப்பு விளக்குக்குக் காத்து நிற்கிற மனுசன் அரசாங்கத்துக்குச் சொன்ன ஒரே பொய் அது. ஆவணியில் அனுமதி வந்தது, இருவருக்கும், பெயர் பெயராக. கொம்யூன் பெண் பூச்செண்டோடு வீட்டுக்கு வந்தா. அவவுக்கு நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அத்தான் பூவை வாங்கித் தண்ணீரில் வைத்து, அவவுக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தார்.

அக்காவாவது வருவா என்றுதான் நான் நினைத்தேன். அத்தான் எழுதினார், நானும் எழுதினேன், கெஞ்சி எழுதினேன். புரட்டாதியில் பதில் வந்தது. "நான் வெளிக்கிட்டு வந்திட்டால், பிள்ளை ஒருநாளைக்கு வந்து படலையைத் தட்டேக்கை ஆர் திறக்கிறது? நீங்களே சொல்லுங்கோ. நான் வரேல்லை. என்னோடை கோவிக்க வேண்டாம்." அத்தான் இரண்டுதரம் வாசித்தார். "அவள் சொல்லுறது சரிதானே" என்றார். நானும் வந்து உன்னோடு நிற்கிறேன் என்று அவர் திரும்ப எழுத, வந்தால் உங்களையும் இழந்துவிட்டு நான் யாருக்காகப் படலை திறப்பேன் என்று அவ மறுத்து எழுதினா. அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

அடுத்த கிழமை நான் வேலையால் வந்தபோது நாலு பாத்தியும் இல்லை. வரம்புகளை வெட்டி, ஸ்ட்ரோபெரிக் கன்றுகளைப் பிடுங்கிக் கிழவரின் வேலியோரம் வைத்து, வளவு முழுவதையும் மட்டப்படுத்தி, வாளியிலிருந்து புல் விதையை வீசிக்கொண்டிருந்தார். விதை கொடுத்தது கிழவர்தான். பிந்திப்போச்சு, ஆனால் குளிர் இன்னும் வரவில்லை, முளைக்கும் என்று சொன்னாராம். ஏன் என்று கேட்கவில்லையாம். கேட்டது நான். கேட்டதென்ன, கத்தினேன். இரண்டு வருடம் பாடுபட்டு, சாக்குச் சாக்காக இலை சுமந்து போட்ட மண்ணுக்கு இதென்ன அநியாயம், விசர் பிடிச்சிட்டுதோ என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

அத்தான் வீசுவதை நிறுத்தவில்லை. "கிழங்கைக் கிளப்ப ஆக்கள் வேணும். உள்ளியைப் பின்னிக் கட்ட ஆக்கள் வேணும். புல்லுக்கு ஆரும் வரத் தேவையில்லை, தம்பி" என்றார். பிறகு ஒரு பலகையைக் காலில் கட்டிக்கொண்டு, கிழவர் காட்டிக் கொடுத்தபடி, அடி அடியாக வைத்து மண்ணை அமத்தினார்.

சில வருடங்கள் கழித்து, இந்த விவகாரத்தால் ஒரு அரசாங்கமே கவிழ்ந்தது. எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி ஓடியது. நாங்கள் வென்றுவிட்டோம் என்று கோல்டிங்கிலிருந்து போன் எடுத்துச் சொன்னார்கள். பிரதமர் பதவி விலகுவதை அத்தான் கதிரையில் நிமிர்ந்து இருந்து கடைசிவரை பார்த்தார். "ஆர் போய் எனக்கென்ன? வரவேண்டிய ரெண்டுபேர் வரேல்லை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்ச் சோற்றைப் போட்டார். அவர்கள் கோப்பைத் திறக்காததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார். அது பொய்யுமில்லை. ஆனால் முழு உண்மையுமில்லை என்று தெரிந்த நான் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

பிள்ளை வரவில்லை. சாவுச் செய்தியும் வரவில்லை. நான் கலியாணம் கட்டி, கோல்டிங்கில் வீடு வாங்கிக்கொண்டு போனேன். அத்தான் அந்த வீட்டிலேயே இருந்தார். கிழமைக்கு ஒருதரம் புல் வெட்டுவார், வேறு எதையும் நடவே மாட்டார். என் வீட்டுப் பின்வளவு முழுக்கக் கல் பதித்திருக்கிறேன். ஒவ்வொரு இலையுதிர்காலமும் மனுசி, ஒரு மூலையையாவது கொத்தித் தாருங்கோ, இளவேனிலுக்கு ஏதாவது நடலாம் என்று கேட்பாள். இடுப்பு, நாரி எல்லாம் நோகுது என்று சொல்லிச் சமாளிப்பேன். டென்மார்க்கில் பிறந்த என் மகளுக்கு இப்போது அந்தப் பிள்ளை போனபோது இருந்ததைவிட இருமடங்கு வயது. அவள் சிரிக்கும்போதெல்லாம் நான் உற்றுப் பார்க்கிறேனாம். அவளுக்கு அது பிடிப்பதில்லை.

அத்தான் போன வருடம் செத்துப்போனார். ஆசுப்பத்திரியில், நித்திரையில். செய்தி சொல்ல நான்தான் அக்காவுக்குப் போன் எடுத்தேன். எழுபத்தெட்டு வயதில் அவ அதே வீட்டில் தனியாக இருக்கிறா. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தா. அழவில்லை. செத்தவீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டேன், இப்போது விசா எடுக்கலாம் என்றேன். "வீட்டிலை ஆர் நிக்கிறது?" என்று மட்டும் சொன்னா. வேட்டி கட்டிவிட்டியளோ என்று கேட்டா. ஓம் அக்கா என்றேன்.

"தம்பி, நீ எழுதின அந்தக் கடிதம் அவருக்குத் தெரியுமோ?"

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல், ஒரு நாளும் அவ அதைக் கேட்டதில்லை. ஊருக்குப் போன் வந்த காலத்திலிருந்து ஞாயிறு தவறாமல் எடுத்துக் கதைப்போம். ஒரு வார்த்தை இல்லை.

"தெரியாது அக்கா."

"கடைசி மட்டுமோ?"

"கடைசி மட்டும் தெரியாது."

"அது நல்லது" என்றா. மூச்சு விடுவது கேட்டது. "எனக்குத் தெரியும்தானே."

அதில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கிற அதே குரலில், சாப்பிட்டியோ என்று கேட்டா.